சோப்புத்தண்ணியின் மூக்கு

ஸ்ரீரங்கத்தில் யார் வீட்டு அடுக்களையில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பெருமாள். இன்னொருவர் சோப்புத்தண்ணி. பெருமாளாவது தெரிந்ததை வெளியில் சொல்ல மாட்டார்.

சோப்புத்தண்ணி எங்கள் பக்கத்துக்கு கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர். அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பக்கத்தில், லிஃப்ட் இல்லாத மூன்று மாடிக் குடியிருப்பு எங்களுடையது. மொத்தம் பன்னிரண்டு வீடு. அதில் ஒரு வீட்டுக்காரருக்கும் அவருடைய நிஜப் பெயர் தெரியாது. ஐம்பது வயதிருக்கும். அவரைவிட அவர் தூக்கி வரும் சிலிண்டர் பருமனாக இருக்கும். காக்கிச் சட்டையின் ஒரு பையில் ரப்பர் வாஷர்கள். இன்னொரு பையில் பழைய இருமல் மருந்து பாட்டில் நிறைய சோப்புத் தண்ணீரும், சவரம் பண்ணிக்கொள்ளும் பிரஷ் ஒன்றும்.

இந்த மனிதரை வேலையை விட்டுத் தூக்குவதற்காக ஒரு சனிக்கிழமை நான் போனைக் கையில் எடுத்தேன். அவர் மட்டும் இல்லையென்றால் என் அம்மா இன்றைக்கு இருந்திருக்க மாட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததை எல்லாம் தெரிந்த மாதிரி பேசுவது எனக்குப் பிறவிப் பழக்கம். ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள்.

சிலிண்டர்காரர் வாசலில் இறக்கிவிட்டு ஓடிப்போகிறார் என்று அடுத்த தெருக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்வார்கள். எங்கள் குறை நேர்மாறு. இவர் போகவே மாட்டார். மூடியைத் திறந்து, உள்ளே வாஷர் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்து, சிலிண்டரின் கழுத்தைச் சுற்றி நுரை போடுவார். பார்த்தால் சிலிண்டருக்குச் சவரம் செய்கிற மாதிரி இருக்கும். பிறகு தலையைச் சாய்த்து, நுரையில் கொப்புளம் கிளம்புகிறதா என்று மனசுக்குள் நூறு எண்ணுவார். நடுவில் யாராவது பேசினால் திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிப்பார். என் மனைவி கல்யாணி ஒருநாள் காலை, காட்டூர் ஸ்கூலுக்குப் போகிற அவசரத்தில், "ஆச்சாங்க?" என்று மூன்று தடவை கேட்டுவிட்டு மூன்று பஸ்ஸைத் தவறவிட்டாள்.

பெல் அடிக்க மாட்டார். அது அவருடைய இன்னொரு கிறுக்கு. எத்தனை அழகான பெல் வைத்திருந்தாலும் கதவைக் கையால் தட்டிக்கொண்டே "சிலிண்டரேய்" என்று மாடி அதிரக் கூப்பிடுவார். எதிர் ஃபிளாட்டில் இருக்கும் எங்கள் குடியிருப்புச் செக்ரட்டரி, ரிடையர்டு ஆனவர், மத்தியானத் தூக்கத்தைப் பெரிதாக மதிப்பவர். அவர் ஒருநாள் வெளியே வந்து கேட்டார்.

"ஏன்ப்பா, பெல்லுன்னு ஒண்ணு வெச்சிருக்கோமே, அது எதுக்கு?"

"உள்ள கேஸ் கசிஞ்சிருந்தா பெல்லுல ஒரு பொறி போதும் சார். கதவோட நானும் பறப்பேன், நீங்களும் பறப்பீங்க."

"எங்காத்துல கசியலை."

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்? தூங்கிட்டுல்ல இருந்தீங்க."

செக்ரட்டரிக்கு இவர்மேல் வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான் என்று சிலர் சொல்வார்கள். இல்லை, தீப்பெட்டித் தகராறு நடந்த அன்றைக்கு என்பது என் கட்சி. டியூபில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க, செக்ரட்டரி தீக்குச்சியைக் கொளுத்தி டியூப் ஓரமாகக் காட்டிக்கொண்டே போவார். இருபது வருஷப் பழக்கமாம். அதை அவரே பெருமையாகச் சொல்லிவிட்டார். சோப்புத்தண்ணி சிலிண்டரைக் கீழே வைத்து, தானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லுங்க சார். அப்பதான் எந்திரிப்பேன்."

செக்ரட்டரி வீம்புக்காரர். இவர் அவருக்கு மேல். முக்கால் மணி நேரம் ஆயிற்று. கீழே வண்டியில் மற்ற சிலிண்டர்கள் வெயிலில் நின்றன. கடைசியில் செக்ரட்டரியின் மனைவி வெளியே வந்து, "அவர் செய்ய மாட்டார், நான் சொல்றேன்" என்று தீப்பெட்டியைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்த பிறகுதான் எழுந்தார். போகும்போது பழைய டியூபையும் கழற்றி, நாலு துண்டாக வெட்டிப் போட்டுவிட்டுப் போனார். முழுசாக விட்டால் செக்ரட்டரி அதை எடுத்து எங்கேயாவது மாட்டிவிடுவார் என்ற பயம். நியாயமான பயம்தான்.

மூன்றாவது மாடியில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவர்கள், அடுப்புக்கு மேல் ஜன்னலில் நைலான் திரைச்சீலை தொங்கவிட்டிருந்தார்கள். சிலிண்டர் கொடுக்கப் போனவர் அதைக் கழற்றி, நாலாக மடித்து, "ஹால்ல போடுங்கம்மா, அங்க இன்னும் அழகா இருக்கும்" என்று அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டு வந்தார். சிலிண்டரை மரக் கப்போர்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தியவர்கள் வீட்டில், அடியில் ஓட்டை போட வைத்தார். "கேஸ் மேல போகாதுங்க. கொழந்த மாதிரி தரையிலயே தவழும். அது வெளிய போக கீழ வழி வேணும்" என்று சொல்லி, அது எப்படித் தவழும் என்று தானே தரையில் கவிழ்ந்து காட்டியதாகக் கேள்வி.

எங்கள் வீட்டில் அவர் கை வைத்தது பெருமாள்மேல்.

அம்மாவுக்கு எழுபது வயது. ஆசாரம் ஜாஸ்தி. குளிக்காமல் என்னையே அடுக்களைக்குள் விட மாட்டாள். ஊரெல்லாம் சுமை தூக்கிவிட்டு வியர்த்து வருகிறவரை விடுவாளா? அதற்காக அவர் ஒட்டடைக் குச்சியின் முனையில் சவர பிரஷ்ஷைக் கட்டிக்கொண்டு வந்து, நிலைப்படிக்கு வெளியே நின்றபடி உள்ளே இருக்கும் சிலிண்டருக்கு நுரை போட்டார். அப்படி நின்ற ஒருநாள்தான் அவர் கண்ணில் அது பட்டது. எங்கள் பெருமாள் அலமாரி அடுக்களையிலேயே, சிலிண்டருக்கு இரண்டடி தள்ளி இருந்தது. அதில் காலையிலிருந்து உச்சிப் பொழுதுவரை விளக்கு எரியும்.

"மாமி, சாமியைக் கொஞ்சம் ஹாலுக்கு மாத்துங்களேன்."

"பெருமாளை இடம் மாத்தச் சொல்ல நீ யாருப்பா?"

"நான் யாரும் இல்லங்க. சிலிண்டரைத்தான் நான் தருவேன். சாமி ஹாலுக்குப் போனா சிலிண்டர் உள்ள போகும்."

அம்மா அன்றைக்குச் சமைக்காமல் பட்டினி கிடந்தாள். அவர் மறுநாளும் வந்து அதையே சொன்னார். கூடவே, "அடுப்புச் சூட்டுல பெருமாளுக்கு எவ்வளவு புழுக்கமா இருக்கும், ஹால்ல ஃபேனுக்குக் கீழ காத்தோட்டமா இருக்கட்டுமே" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வார்த்தையில் அம்மா விழுந்தாள். ஒரு நல்ல நாள் பார்த்து, பெருமாள் ஹாலுக்கு எழுந்தருளினார்.

இனி நான் சொல்லப்போவது பின்னால் அம்மா வாயால் கேட்டது. நடந்தபோது நான் கன்டோன்மென்ட் ஆபீஸில் டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

போன வருஷம் அம்மாவுக்கு ஒரு வாரம் கடுமையான ஜுரம். ஜுரம் போனது. போகும்போது வாசனையை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மல்லிகையும் தெரியவில்லை, காபியும் தெரியவில்லை. வந்துவிடும், வந்துவிடும் என்று காத்திருந்து, வராமலே போனபோது, எங்களிடம் சொல்லாமல் இருந்துவிட்டாள். நானும் கல்யாணியும் எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஆறு ஆகும். பகல் முழுதும் வீட்டில் அம்மா, அடுப்பு, பெருமாள் மூன்று பேர்தான். கேஸ் கசிந்தால் எச்சரிக்கை செய்ய அதில் கலந்திருக்கும் நாற்றம் ஒன்றுதான் உண்டு. அது அம்மாவுக்கு எட்டாது.

ஒரு வெள்ளிக்கிழமை, பதினோரு மணி. அம்மா அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுப் பாலை வைத்துவிட்டு, ஹாலில் பெருமாளுக்குத் துளசி கட்ட உட்கார்ந்துவிட்டாள். பால் பொங்கி வழிந்து ஜ்வாலையை அணைத்தது. கேஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. அம்மா துளசி கட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர் ஃபிளாட்டுக்குச் சிலிண்டர் தூக்கிக்கொண்டு ஏறி வந்த சோப்புத்தண்ணி, ஒரு மாடி கீழேயே நின்றார். முகர்ந்தார். சிலிண்டரை அங்கேயே இறக்கிவிட்டு ஓடிவந்து எங்கள் கதவை இரண்டு கையாலும் தட்டினார். பெல் அடிக்கவில்லை.

"மாமி, கதவைத் தொறங்க. லைட்டு, ஃபேனு எதையும் தொடாதீங்க."

அம்மா நிதானமாக வந்து திறந்தாள். "இன்னிக்கு எங்களுக்கு சிலிண்டர் இல்லையேப்பா" என்றாள்.

 அவர் அம்மாவைத் தாண்டி, அவள் மடி ஆசாரத்தைத் தாண்டி, முதல் தடவையாக எங்கள் அடுக்களைக்குள் நுழைந்தார். அடுப்புத் திருகை மூடினார். ரெகுலேட்டரை மூடினார். ஜன்னல்களை எல்லாம் திறந்தார். திரும்ப ஹாலுக்கு வந்து, எரிந்துகொண்டிருந்த விளக்குத் திரியை இரண்டு விரலால் நசுக்கி அணைத்தார்.

அம்மாவுக்கு அதுவரை வராத பதற்றம் அப்போது வந்தது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா விளக்கைக் கையால அணைக்கறியே, நீ நன்னா இருப்பியா?"

அந்த விளக்கு பழைய இடத்திலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் தைரியம் கிடையாது. அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அம்மாவைப் படிக்கட்டுக்கு அழைத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் உட்காரவைத்தார். வீடு காற்றாடிய பிறகு உள்ளே போய், அடுக்களை அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துவந்தார்.

"கண்ணை மூடுங்க மாமி. இது என்ன வாசனை, சொல்லுங்க."

அம்மா விட்டுக்கொடுக்கிற பேர்வழி இல்லை. நன்றாக இழுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏலக்காய்" என்றாள்.

"மாமி, இது பெருங்காயம்."

அம்மா அப்போதுதான் அழுதாளாம். "எம்பிள்ளை கிட்ட சொல்லிடாதேப்பா. சென்னையில எங்க அக்காவை, வயசாயிடுத்து போறும்னு அவ பிள்ளை அடுக்களையை விட்டு எழுப்பி உக்கார வெச்சான். ஆறே மாசம். அவ இப்ப பேசறதையே விட்டுட்டா. எனக்கு இது ஒண்ணுதான் இருக்கு."

அவர் உடனே என்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன். அவரும் அதைத்தான் நினைத்திருக்கிறார். "நான் சொல்ல மாட்டேன், நீங்களே சொல்லிடுங்க" என்றார். அதுவரைக்கும் மூன்று நிபந்தனை போட்டார். அடுப்பு எரியும்போது அம்மா பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும், போன் அடித்தாலும் பெருமாளே கூப்பிட்டாலும் எழுந்து போகக் கூடாது. லைட்டர் இனி மேடைமேல் இருக்கக் கூடாது, சிலிண்டர் ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் ஆணி அடித்து அங்கேதான் தொங்க வேண்டும். லைட்டரை எடுக்கும்போது ரெகுலேட்டரைத் திறக்கணும், திரும்ப மாட்டும்போது மூடணும். மூன்றாவது, அவர் ரவுண்டு போகும்போது தினமும் வந்து பார்ப்பார்.

லைட்டர் இடம் மாறியதை நாங்கள் கவனித்தோம். "ஒரு தோசை வார்க்க ஒன்பது தடவை குனியணுமா?" என்று கல்யாணி முணுமுணுத்தாள். "இருக்கட்டுமே, இடுப்புக்கு நல்லது" என்று அம்மா சொல்லிவிட்டாள். எங்களுக்கு அதற்கு மேல் யோசிக்கத் தோன்றவில்லை. படித்தவர்கள் வீடு.

இதற்கு எட்டு மாசம் கழித்துச் செக்ரட்டரி ஒருநாள் என்னைப் படியில் மறித்தார்.

"ஓய், உம்ம ஆத்து வாசல்ல நடக்கறது உமக்குத் தெரியுமா? அந்த சிலிண்டர்காரன் தினம் பதினோரு மணிக்கு வரான். கதவு இடுக்குல மூக்கை வெச்சு மோந்து பாக்கறான். சரின்னு தனக்குத்தானே சொல்லிண்டு எறங்கிப் போறான். உம்ம அம்மா தனியா இருக்கா. நான் கண்ணால பாத்தேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த சனிக்கிழமை லீவு. பதினோரு மணிக்குக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். செருப்புச் சத்தம் ஏறி வந்தது. நின்றது. நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். படாரென்று கதவைத் திறந்தேன். சோப்புத்தண்ணி குனிந்த வாக்கில், மூக்கு எனக்கு நேராக இருக்க, அப்படியே நின்றார்.

"என்ன பண்றீங்க?"

அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "ஒண்ணுமில்ல சார். மாமி வெக்கிற சாம்பார் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்துச்சு. அதான் நின்னேன்."

"இன்னிக்கு ஏகாதசி. எங்காத்துல அடுப்பே மூட்டலை. அம்மா பழம் சாப்பிட்டுட்டு உக்காந்திருக்கா. எங்கேர்ந்துய்யா சாம்பார் வாசனை வந்தது?"

 அவர் சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். எதிர்க் கதவில் செக்ரட்டரி தலையை நீட்டி ரசித்துக்கொண்டிருந்தார். நான் கேஸ் ஏஜென்சிக்குப் போன் போட்டேன். உங்கள் ஆள் மேல் புகார் என்றேன். பெயர் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. சோப்புத் தண்ணீர் வைத்திருப்பாரே, அவர் என்றேன்.

"ஓ, அவரா சார்? திரைச்சீலையைக் கழட்டிட்டாரா, தரையில உக்காந்துட்டாரா?" என்றது அந்தப் பெண் குரல்.

"அதெல்லாம் இல்லம்மா. இது வேற. அவரை இந்தப் பக்கமே அனுப்பக் கூடாது" என்று நான் ஆரம்பித்தபோது, முதுகுக்குப் பின்னால் அம்மா, "போனை வை" என்றாள்.

வைத்தேன்.

"எனக்கு வாசனை தெரியறதில்லைடா. ஜுரத்துக்கப்புறம் தெரியவே இல்லை. அவர் மோந்து பாக்கறது எனக்காக. அவரை ஒண்ணும் சொல்லாதே. சொல்றதுன்னா என்னைச் சொல்லு."

பிறகு வெள்ளிக்கிழமைக் கதை முழுவதையும் சொன்னாள். கல்யாணி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ரசத்தில் பெருங்காயம் சில நாள் தூக்கலாக இருந்ததும், கோவில் பூவை அம்மா முன்னைப்போல முகர்ந்து பார்க்காததும் அப்போதுதான் எனக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் கவனிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "போறும்மா. இனிமே நீ அடுக்களைப் பக்கமே போக வேண்டாம்" என்றேன்.

 அம்மா மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் பயந்தது இதற்குத்தான்.

அதுவரை வாசலுக்கு வெளியே நின்றிருந்த சோப்புத்தண்ணி அப்போது வாயைத் திறந்தார்.

"சார், ஒரு நிமிஷம். எட்டு மாசமா லீவு நாள் தவிர தினம் வந்து மோந்து பாத்துட்டேன். ஒரு நாள்கூட கேஸ் வாசனை இல்லைங்க. இந்தக் கட்டடத்துல நான் அப்படிச் சொல்லக்கூடிய வீடு இது ஒண்ணுதான். மூக்கு இருக்கிறவங்க வீட்ல எல்லாம் நான் மூணு தடவையாவது ஓடியிருக்கேன்." கொஞ்சம் தயங்கி, எதிர்க் கதவைக் காட்டினார். "இவங்க வீட்டுக்கே நாலு தடவை."

செக்ரட்டரியின் தலை உள்ளே போயிற்று. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சோப்பு வழுக்கியது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன், சத்தமாகவே, செக்ரட்டரிக்கும் கேட்கட்டும் என்று. "ஐயோ, என்னங்க சார்" என்று கையை விடுவித்துக்கொண்டு, கீழே வண்டி நிற்கிறது என்று அவர் இறங்கிப் போய்விட்டார்.

அம்மாவின் அடுக்களை அம்மாவிடமே இருக்கிறது. கேஸ் கசிந்தால் அலறுகிற கருவி ஒன்றை வாங்கினோம். எலக்ட்ரீஷியன் அதை அழகாக உத்தரத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போனான். சோப்புத்தண்ணி வந்து தடுத்து, தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் மாட்டவைத்தார். தவழ்கிற கதையை எலக்ட்ரீஷியனுக்கும் சொன்னார். மறுபடி கவிழ்ந்து காட்டுவாரோ என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். சட்டை புதிசு போலிருக்கிறது, காட்டவில்லை.

கருவி வந்த பிறகு அவர் வர வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பதினோரு மணிக்கு வருகிறார். இப்போது கதவு திறந்தே இருக்கும். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி, "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவர் வாசலில் நின்று கண்ணை மூடி ஒரு மூச்சு இழுப்பார்.

"வத்தக்குழம்பு, மாமி. நல்லெண்ணெய் தூக்கலா வருது. வெந்தயம் கொஞ்சம் கூடவே சிவந்து போச்சு. அப்பளம் இன்னும் பொரிக்கல."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். அவள் முகத்தைப் பார்த்தால், அந்த வாசனை அவளுக்குக் கிடைத்துவிட்டது என்றே தோன்றும்.

போன வாரம் அவர் ஜீயபுரத்தில் உறவுக்காரர் கல்யாணம் என்று மூன்று நாள் லீவு. நானும் அந்த வாரம் லீவு போட்டு வீட்டில் இருந்தேன். பதினோரு மணிக்கு அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது தாங்காமல், நானே வெளியே போய் நின்று, குனிந்து, மூச்சை இழுத்து, "ரசம் நன்னா இருக்கும்மா" என்றேன்.

"அது மோர்க்குழம்பு" என்றாள் அம்மா. "நீ உள்ள வா. அவர் வரட்டும்."

நாலாம் நாள் பதினோரு மணிக்குப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால் வாசலுக்கு ஓடினது நான்தான்.